உடம்பு வெயிலைத் தாங்காதபோது: அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடும் வழி

உங்கள் எதிரில் இப்போது ஒருவர் வெயிலில் சுருண்டு கிடந்தால் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு ஓடுங்கள். மற்றதைப் பிறகு ஆற அமரப் படிக்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கத்து உப்பளங்களிலும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பொட்டல்களிலும், கருவாடு காயும் கரைகளிலும் உழைக்கிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். அவர்களுடைய வீட்டாருக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். உப்பளக் குடும்பத்தில் பிறந்தவள் நான். செல் வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் இருந்தேன். இப்போது பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன்.

அறிகுறி: பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை

இது வெப்பத்தாக்கு. உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கிவிட்டது. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் வண்டிக்காகக் காத்திருக்காமல் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

நம் கரையில் ஒரு வசதி உண்டு. மீன் இறங்கும் ஊர் எதிலும் ஐஸ் பெட்டி இல்லாமல் இருக்காது. தார்ப்பாயை விரித்து, ஆளை நடுவில் கிடத்துங்கள். நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அது தொட்டியாகிவிடும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஐஸைக் கொட்டி, தண்ணீரை அலைத்துக்கொண்டே இருங்கள். தலை வெளியே இருக்கட்டும். தார்ப்பாய் கிடைக்கவில்லையென்றால் உடுப்பைத் தளர்த்தி, மேல் முழுவதையும் நனைத்து, விடாமல் விசிறுங்கள். துணியில் சுற்றிய ஐஸைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். உப்புப் பாத்தியில் கிடக்கும் நீரை ஊற்ற வேண்டாம், பகல் வெயிலில் அதுவே கொதித்துக் கிடக்கும்.

நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைத்தான் இறக்கும். இங்கே வெளியிலிருந்தும் உழைப்பிலிருந்தும் வந்த வெப்பம் உள்ளே தங்கிவிட்டது, அதை மாத்திரையால் வெளியே கொண்டுவர முடியாது. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

இரண்டு பொய் நம்பிக்கைகள் ஆளைக் கொல்கின்றன. “வியர்க்கிறதே, ஒன்றும் ஆகாது” என்பது முதலாவது. உழைக்கும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். “தொட்டுப் பார்த்தேன், சூடு அதிகமில்லை” என்பது இரண்டாவது. நெற்றியோ அக்குளில் வைத்த வெப்பமானியோ உள்ளுடல் வெப்பத்தைச் சரியாகக் காட்டாது. பேச்சு பிசகியிருக்கிறதா என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கியாக வேண்டும். செல்லின் சாவு டிகிரியோடு நிமிடத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் பாலூட்டிச் செல்கள் 43 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் அடையும் சேதத்தை 44 டிகிரியில் அரை மணியிலும், 45 டிகிரியில் கால் மணியிலும் அடைந்துவிடுகின்றன. உடம்பு அவ்வளவு உயரத்துக்கு அரிதாகவே போகும். ஆனால் 41, 42 டிகிரியில் குடல், கல்லீரல், மூளைச் செல்களுக்கு ஓடும் கணக்கும் அதே வகைதான். மருத்துவமனை வாசலில் குளிர்விக்கத் தொடங்கினால் போதும் என்று நினைத்துக் கடக்கிற ஒவ்வொரு மைலும் அந்தக் கணக்கில் ஏறுகிறது.

அறிகுறிகளுக்குள் போகுமுன்: தாங்குதிறன் எங்கே உண்டாகிறது

“வெயில் பழகிவிட்டது” என்று சொல்கிறோம். அந்தப் பழக்கத்துக்கு ஓர் இடம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் மீதி அறிகுறிகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

செல்லுக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு புரதமும் நீண்ட ஓர் இழை. தனக்குரிய வடிவில் மடிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். வெப்பம் ஏறினால் மடிப்பு நெகிழ்ந்து, உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீரை ஒதுக்கும் பகுதிகள் வெளியே நீட்டிக்கொள்கின்றன. அவை பக்கத்துப் புரதங்களின் அதே போன்ற பகுதிகளோடு ஒட்டிக் கட்டியாகின்றன. முட்டையின் வெள்ளைக் கரு வேகும்போது நாம் கண்ணால் பார்ப்பது இதைத்தான்.

கரையில் பெரியவர்கள் உட்கார்ந்து வலையின் சிக்கெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவசரப்பட்டு இழுத்தால் முடிச்சு இறுகும். ஒரு கண்ணியைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துத்தான் பிரிப்பார்கள். செல்லுக்குள் இந்த வேலையைச் செய்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், ஆங்கிலச் சுருக்கத்தில் எச்எஸ்பி. எச்எஸ்பி 70 நெகிழ்ந்த புரதத்தின் ஒட்டும் பகுதியைப் பற்றிக்கொள்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து விட்டுவிட்டுப் பிடித்து, அது பழைய மடிப்புக்குத் திரும்ப வழிவிடுகிறது. எச்எஸ்பி 27 சிறு கட்டிகள் பெருங்கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது. எச்எஸ்பி 60, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருந்து அங்குள்ள புரதங்களைக் கவனிக்கிறது. பெயரிலுள்ள எண் அந்தந்தப் புரதத்தின் ஏறத்தாழ எடை, கிலோடால்டன் என்ற மூலக்கூறு எடை அலகில். இனி மீட்க முடியாத புரதங்கள் சிதைக்கப்படும் இடத்துக்கு அனுப்பப்படுகின்றன.

இவற்றைத் தயாரிக்கும்படி செல்லுக்குச் சொல்வது எச்எஸ்எஃப் 1 என்ற இன்னொரு புரதம். சாதாரண நாளில் எச்எஸ்பி 70-உம் எச்எஸ்பி 90-உம் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. வெப்பத்தில் நெகிழ்ந்த புரதங்கள் பெருகியதும் பிடித்திருந்த கைகள் அங்கே போய்விடுகின்றன. விடுபட்ட எச்எஸ்எஃப் 1 மும்மூன்றாகச் சேர்ந்து, உட்கருவில் மரபணுக்களின் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, எச்எஸ்பி மரபணுக்களை இயக்குகிறது. போதுமான எச்எஸ்பி 70 உருவானதும் அதுவே மறுபடி எச்எஸ்எஃப் 1-ஐப் பிடித்து அடக்குகிறது. சேதத்தின் அளவே உதவியின் அளவைத் தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை வகுப்பில் விளக்கினாலும் எனக்கு வியப்பு குறைந்ததில்லை.

இதன் முதல் தடயம் 1962-இல் கிடைத்தது. இத்தாலிய மரபியலாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா வளர்த்துவந்த பழ ஈக்களின் பெட்டியில் வெப்பம் தவறுதலாகக் கூடிவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்களில் வழக்கமாக இல்லாத இடங்களில் புடைப்புகள் தோன்றியிருந்தன. அந்தப் புடைப்புகளோடு சேர்ந்து சில புரதங்கள் புதிதாக உருவாகின்றன என்பது 1974-இல் தெரியவந்தது. பாலூட்டிகளைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டு 1975. கெர்னர், ஷ்னைடர் என்ற ஆய்வாளர்கள் மனிதச் செல்களான ஹீலா செல்களை ஒரு முறை சூடாக்கி, 37 டிகிரிக்குத் திருப்பி, சற்று இடைவெளி விட்டு மறுபடி சூடாக்கினார்கள். முதல் சூட்டைவிட இரண்டாம் சூட்டை அவை நன்றாகத் தாங்கின.

“இடைவெளி விட்டு” என்ற சொற்களில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. கடுமையான சூட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல், தாங்குதிறன் வளர்வதில்லை. செல்லைப் பழைய வெப்பத்துக்குத் திருப்பிய பிறகே அது வளர்கிறது. புரதம் தயாரிக்க நேரமும் ஆற்றலும் வேண்டும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் உச்சத்தை அடைந்து, அடுத்த மூன்று முதல் ஐந்து நாட்களில் தேய்ந்துவிடுகிறது. இடைவெளியே விடாமல் இரண்டாம் சூட்டைக் கொடுத்தால் இரண்டு சேதங்களும் கூடி ஒன்றாகிவிடும்.

வெயில் நம்மைப் பழக்குகிறது என்று நினைக்கிறோம். வெயிலுக்குப் பிறகு கிடைக்கும் நிழலில்தான் உடம்பு பழகுகிறது. நிழலைப் பறித்துக்கொண்டு வெயிலை மட்டும் கொடுத்தால் பழக்கம் வராது.

அறிகுறி: வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் தலைவலி, குமட்டல், படபடப்பு

என் அண்ணன் விழுந்தது இந்தக் கட்டத்தில்தான். ஐப்பசி மழையோடு உப்பு வாருவது நின்றுபோகும். அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதும் அவர் டவுனில் ஏசி போட்ட துணிக்கடையில் வேலை பார்த்தார். பாத்தி மிதிக்கும் வேலைக்கு வராமல், பங்குனியில் நேரே வாருபலகையைப் பிடித்தார். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. “பத்து வருடமாகப் பார்க்கிற வேலைதானே” என்று கங்காணி சொன்னார். அண்ணனும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அம்பாரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். தார்ப்பாய் மூடாத குவியல், வெள்ளை வெளேரென்று வெயிலைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்தியில் இருந்த அத்தைமார் தங்கள் குடிதண்ணீர் முழுவதையும் அவர் மேல் கொட்டினார்கள். பிழைத்தார்.

பத்து வருடப் பழக்கம் கைக்கு உண்டு. செல்லுக்கு அது கிடையாது. வெயிலில் உழைப்பதை நிறுத்தி ஒரு வாரம் ஆனாலே தாங்குதிறன் குறையத் தொடங்கும், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். அண்ணன் ஐந்து மாதம் விட்டிருந்தார்.

முழு உடம்பும் வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் பல மாற்றங்கள் நடக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, நாடி நிதானப்படுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்கி நிறைய வருகிறது, அதில் உப்பு குறைகிறது. இவற்றுக்கு அடியில், செல்களில் எச்எஸ்பி கையிருப்பு ஏறுகிறது. பல நாள் வெயிலில் உழைத்துப் பழகியவர்களின் ரத்த வெள்ளணுக்களில் எச்எஸ்பி 72 (எச்எஸ்பி 70 குடும்பத்தில் வெப்பத்தால் உருவாகும் வகை) கூடியிருப்பதை அளந்திருக்கிறார்கள். ஜெருசலேமில் ஆய்வாளர் மிகால் ஹொரோவிட்ஸ் எலிகளை 34 டிகிரியில் ஒரு மாதம் பழக்கியபோது அவற்றின் இதயச் செல்களில் எச்எஸ்பி 72 முன்கூட்டியே சேர்ந்திருந்தது. பழகிய எலி சேதம் வந்த பிறகு தயாரிக்கத் தொடங்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே வெயிலைச் சந்தித்தது.

இப்போது செய்ய வேண்டியது. அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. புதிதாக வருகிறவர் முதல் நாள் முழு வேலையில் 20 விழுக்காடு நேரம் மட்டும் வெப்பத்தில் உழைக்க வேண்டும், பிறகு நாளுக்கு 20 விழுக்காடு கூட்டலாம். முன்பே அனுபவம் உள்ளவர் திரும்பி வந்தால் முதல் நாள் 50, இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் 100. இதை நம் உப்பளத்துக்கு மாற்றிப் பாருங்கள். அனுபவத்தோடு திரும்பி வந்தவர் முதல் நாள் விடியுமுன் தொடங்கி எட்டரைக்கு வெயிலை விட்டு வெளியேற வேண்டும். நான்காம் நாளில்தான் வழக்கமான நேரம் வரை.

“கூலி யார் தருவார்?” என்று கேட்பீர்கள். நாள் கூலிக்காரரிடம் பாதி நாள் வேலை செய்யச் சொல்வது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் கூலியில்தான் எரிந்தது. முதல் நான்கு நாளுக்கு முழுக் கூலி கொடுத்து, மீதி நேரத்தைக் கொட்டகை நிழலில் சாக்குத் தைக்கவும் கருவி சரிபார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்ய வேண்டியவர் அளத்தை நடத்துகிறவர். இந்தச் சுமையைத் தொழிலாளியின் உடம்பின் மேல் இறக்கிவைப்பது அநியாயம்.

சரியாகிறதா என்று பார்க்க நாடி போதும். காலையில் எழுந்ததும் ஒரு நிமிடம் எண்ணுங்கள். அதே வேலைக்குப் பிறகு உட்கார்ந்ததும் எண்ணுங்கள். நான்கைந்து நாளில் இரண்டாவது எண் இறங்கிவந்தால் உடம்பு பழகுகிறது. ஏறிக்கொண்டே போனால் இடைவெளி போதவில்லை.

அறிகுறி: நேற்றுவரை தாங்கினார், இன்று முடியவில்லை

வெயில் கூடவில்லை, வேலையும் கூடவில்லை, ஆனால் ஆள் துவண்டுவிட்டார். இங்கே வெயிலை விட்டுவிட்டு முந்தைய இரவை விசாரியுங்கள்.

முதலில் தூங்கிய இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ தகரத்துக்கோ அடியில் படுத்திருந்தால் பகலில் வாங்கிய சூடு இரவெல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பகல் சேதத்தைச் சரிசெய்ய வேண்டிய இடைவெளி உடம்புக்குக் கிடைக்கவே இல்லை. மாலையில் கூரையின் மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ பரப்பித் தண்ணீர் தெளிப்பதும், முற்றத்தில் படுப்பதும் மருந்துக்கு நிகர். படுக்குமுன் ஒரு குளியல், அதுவும்.

அடுத்து வயிறும் காய்ச்சலும். வயிற்றுப்போக்கு இருந்தால் உடலின் நீர் போயிருக்கும். காய்ச்சல் இருந்தால் ஏற்கெனவே ஏறிய வெப்பத்தோடுதான் வெயிலுக்குள் போகிறார். இரண்டில் எது இருந்தாலும் அன்று வேலை கிடையாது.

மது குடித்திருந்தால் அதுவும் நீரை வற்றவைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும்.

பிறகு மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை, மனநலத்துக்கான சில மருந்துகள், தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் “நான் வெயிலில் வேலை செய்கிறேன்” என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். மேல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுரூஃபன் வகைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும், குடலின் உட்சுவரையும் அரிக்கும். வெப்பத்தில் அந்தச் சுவர் ஏற்கெனவே நெகிழ்ந்து, குடல் கிருமிகளின் நச்சு ரத்தத்துக்குள் கசிகிறது. செல்களுக்கு நடுவிலுள்ள அந்தத் தடுப்பைக் காப்பதிலும் எச்எஸ்பி 70-க்குப் பங்குண்டு.

பெண்களிடம் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும், கேட்பவரும் பெண்ணாக இருப்பது நல்லது: காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? ஒதுங்க மறைவிடம் இல்லாததால் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறவர்கள் உண்டு. என் அம்மா அப்படித்தான் இருந்தார். சிறுநீர் அடர் மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக, எரிச்சலோடு போனால் பிழை அங்கே இருக்கிறது. தீர்வு கழிப்பறை கட்டுவது. அறிவுரையால் இது தீராது.

கடைசியாக நாட்களைக் கணக்கிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்களில் சிலர் அந்த நாட்களில் கரிமூட்டத்துக்குப் போகிறார்கள். கடல் காற்றில் பழகிய உடம்பு அக்கினி நட்சத்திரத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பது முற்றிலும் புதிய வேலை. அவருக்கும் முதல் நாள் 20 விழுக்காடுதான். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து வீட்டில் ஒரு மாதம் ஏசியில் இருந்துவிட்டுத் திரும்புகிற கீழக்கரைத் தம்பிகளுக்கு, அனுபவத்தோடு திரும்பி வருகிறவருக்கான 50 விழுக்காட்டுக் கணக்கு.

அறிகுறி: வியர்வை கொட்டுகிறது, உடம்பு தணியவில்லை

பாம்பனில் 34 டிகிரி, கமுதியில் 39 டிகிரி என்றால் எங்கே ஆபத்து அதிகம்? பெரும்பாலானோர் கமுதி என்பார்கள். ஈரத்தைப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டி மண்ணில் விழுந்த வியர்வை எதையும் எடுத்துச் செல்வதில்லை. கச்சான் காற்று நின்றுபோன நாளில் கரையில் மேலெல்லாம் பிசுபிசுப்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டிலேயே அளக்கலாம். சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்து விசிறுங்கள். அது காட்டும் அளவு ஈரக்குமிழ் வெப்பம். 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவருக்கும் வெப்பத்தை வெளியேற்ற வழி கிடையாது. உழைக்கிறவருக்கு அதற்கு வெகு முன்பே வழி அடைபட்டுவிடும். எச்எஸ்பி எவ்வளவு இருந்தாலும் இங்கே உதவாது, அது சேதத்தைச் சரிசெய்யும், வெப்பத்தை வெளியேற்றாது. காற்று வரும் திசைக்கு மாறுங்கள், இறுகிய பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தளர்ந்த பருத்தியை உடுத்துங்கள், மணிக்கு இரண்டு முறை நிழலுக்குப் போங்கள். காற்றே தோலைவிடச் சூடாக இருந்தால் உலர்ந்த உடம்பில் விசிறி வைப்பதால் சூடுதான் ஏறும், முதலில் நனையுங்கள்.

அறிகுறி: கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது

“உப்பிலேயே நிற்கிறேன், எனக்கா உப்புக் குறையும்?” என்று கேட்டவர் உண்டு. காலில் படும் உப்பு உள்ளே போகாது. வியர்வையில் போனதை வாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பழகாதவரின் வியர்வையில் உப்பு அதிகம் என்பதால் முதல் வாரத்தில்தான் பிடிப்பு மிகுதியாக வரும். உப்புப் போட்ட நீராகாரம், மோர், அல்லது ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கால் மணிக்கு ஒரு தம்ளர் என்று குடியுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும்.

கண் இருட்டினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தெளிந்துவிடுவார். தெளியாவிட்டால் முதல் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: வீட்டிலேயே இருக்கும் முதியவர் சோர்ந்து கிடக்கிறார்

வேலைக்குப் போகாதவருக்கு என்ன வெப்பத்தாக்கு என்று விட்டுவிடாதீர்கள். வயதாக ஆக எச்எஸ்எஃப் 1 மரபணுவில் போய் உட்காரும் திறன் குறைகிறது, அதே சூட்டுக்கு எச்எஸ்பி 70 குறைவாகத்தான் உருவாகிறது. தாகமும் மந்தமாகிவிடும், வியர்வையும் குறைந்துவிடும். இளைஞருக்கு வேலை செய்யும் “பழகிக்கொள்ளட்டும்” என்ற வழி இங்கே கிடையாது. பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை தகரக் கூரை அறையிலிருந்து வேப்பமர நிழலுக்கு மாற்றுங்கள், ஈரத்துணியால் மேல் துடையுங்கள், கேட்காமலே தண்ணீர் கொடுங்கள்.

அறிகுறி: கோடையில் ஆடு, மாடு சினை நிற்கவில்லை

நம் மாவட்டத்துக்கென்றே ராமநாதபுரம் வெள்ளை என்ற செம்மறி இனம் இருக்கிறது. தலைமுறைகளாக இந்த வெயிலில் வளர்ந்தது. அப்படியிருந்தும் கோடையில் சினை தப்புவதைப் பார்க்கிறோம். தாய் தாங்கினாலும் அதன் உள்ளே இருக்கும் சில செல்கள் தாங்காது என்பதுதான் காரணம். இணைசேர்ந்த முதல் ஓரிரு நாளில் கரு தன் மரபணுக்களை முழுமையாக இயக்கத் தொடங்கியிருக்காது. மாட்டின் கருக்களை 41 டிகிரியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு செல் நிலையில் வெகுவாக அழிகின்றன, சில நாள் வளர்ந்த கருக்கள் அதே சூட்டைத் தாங்குகின்றன.

கிடாய்ப் பக்கமும் பாருங்கள். விரை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டிய உறுப்பு. எலிகளில் பார்த்தபோது, மற்ற செல்களில் 42 டிகிரியை ஒட்டி விழித்துக்கொள்ளும் எச்எஸ்எஃப் 1 விரைச் செல்களில் 35 முதல் 38 டிகிரிக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. அவ்வளவு மென்மையான இடம். விந்து உருவாக ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும் என்பதால், சித்திரை வெயிலில் கெட்டது ஆனியில்தான் தெரியும். “இப்போது வெயில் குறைந்துவிட்டதே” என்று குழம்ப வேண்டாம்.

நண்பகல் மேய்ச்சலை நிறுத்தி விடியற்காலையும் மாலையும் ஓட்டுங்கள். இணைசேர்த்த பிறகு ஒரு வாரமாவது நிழலும் தண்ணீரும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

அறிகுறி: ஆய்வகத்தில் முதல் சூடு கொடுத்தும் செல்கள் தாங்கவில்லை

இந்தப் பகுதி, முன்பு சொன்ன இருமுறைச் சூட்டுச் சோதனையைக் கல்லூரியில் செய்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களை எடுத்து, 45 டிகிரியில் பத்து நிமிடம் முதல் சூடு, இடைவெளி, மறுபடி 45 டிகிரியில் நீண்ட சூடு, பிறகு எத்தனை செல்கள் பிழைத்துக் கூட்டமாக வளர்கின்றன என்று எண்ணுவது வழக்கமான முறை.

முதலில் நீர்த்தொட்டியின் வெப்பத்தைச் சரிபாருங்கள். முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல் குடுவை நிற்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் சேதம் இரட்டிப்பாகும் இடம் இது, டிகிரியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குக்கு மேல் தள்ளாடக் கூடாது. அடுத்து, செல்கள் வளரும் திரவமான ஊடகத்தின் நிறம். மஞ்சளாகியிருந்தால் அமிலம் கூடிவிட்டது என்று பொருள். அமிலச் சூழலில் செல்கள் சூட்டுக்கு எளிதில் சாகும், தாங்குதிறனும் வளராது. புதிய ஊடகம் மாற்றுங்கள். செல்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தாலும் இதுதான் நடக்கும்.

மின்வெட்டில் அடைகாப்புப் பெட்டி ஆறியதா, ஜெனரேட்டர் வந்ததும் கூடுதலாகச் சூடேறியதா என்று இரவுக் காவலரிடம் கேளுங்கள். நீங்கள் கொடுக்காத ஒரு சூட்டை அவை ஏற்கெனவே வாங்கியிருக்கலாம். அப்போது சூடு கொடுக்காத குடுவையிலும் எச்எஸ்பி 70 தெரியும். அந்தக் குடுவையின் புரதத்தையும் சேர்த்துச் சோதிக்காமல் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

எச்எஸ்பி 70 நிறையவே உருவாகியும் செல்கள் செத்தால் முதல் சூடு கடுமையாகிவிட்டது, நேரத்தைக் குறையுங்கள். எச்எஸ்பி 70 உருவாகவே இல்லையென்றால் முதல் சூடு போதவில்லை. அதன் பங்கைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் 1988-இல் வந்த ஒரு சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்: எச்எஸ்பி 70-ஐக் கட்டிப்போடும் எதிர்ப்புரதத்தை நுண்ணூசியால் செல்லுக்குள் செலுத்தியபோது, அந்தச் செல்கள் சிறு சூட்டைக்கூடத் தாங்காமல் செத்தன.

இவையெல்லாம் சரியாக இருந்தும் முடிவு வரவில்லையென்றால் குறிப்பேட்டைத் திறந்து, இரண்டு சூட்டுக்கும் நடுவில் 37 டிகிரியில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்று பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அதைக் கூட்டி மறுபடி செய்யுங்கள். அண்ணன் விழுந்த அந்தப் பங்குனியில் நான் மூன்று வாரமாக இதே சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் சூடு 10:20, இரண்டாம் சூடு 10:45 என்று என் கையெழுத்திலேயே இருந்தது.